நான் மாற்றாத பெல்ட்

கவிதா,

போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாண அழைப்பிதழில் போட வேண்டிய பெயர்களை ஒரு தாளில் எழுதி உன்னிடம் கொடுத்தேன். நீ பேனாவை எடுத்து, தாய்மாமன் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த பெயரை அடித்தாய். ஒரு கோடு போட்டு நிறுத்தவில்லை. எழுத்தே தெரியாமல் போகிறவரை அடித்தாய். "அம்மாவ கொன்னவரு பேரு என் கார்டுல எதுக்குப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பதினெட்டு வருடமாக என்னுடைய மௌனத்தை நீ அப்படித்தான் எடுத்துக்கொள்கிறாய். அதில் உன் தவறு எதுவும் இல்லை. நான்தான் உன்னை அப்படி நம்ப வைத்தேன். உன் மாமா செல்வராஜு உன் அம்மாவைக் கொல்லவில்லை, கவிதா. அவள் சாவுக்குக் காரணம் நான். கோபத்திலோ குடித்துவிட்டோ நான் அதைச் செய்யவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் செய்ததாகச் சொன்னேன். இனி நான் எழுதப்போவது முழுவதும் அதைப் பற்றித்தான். உட்கார்ந்து படி.

நாம் லிங்கிக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தபோது நான் அங்கே பட்டறையில் மெக்கானிக். டிராக்டர், லாரி, ஜெனரேட்டர், மேனேஜரின் கார் எல்லாம் என் கைக்குத்தான் வரும். என்னால் முடியாது என்று நான் எதையும் சொன்னதில்லை என்று தோட்டத்தில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. சிரம்பான் டவுன் பட்டறையில் கைவிட்ட வண்டியைக்கூட நான் ஓட வைத்திருக்கிறேன். அதைச் சாப்பாட்டு வேளையில் உன் அம்மாவிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். அவள் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றுவாள். தோட்டத்தில் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. உரம் போடும் பெண்களைக் காலையில் மலைக்காட்டுக்கு ஏற்றிப்போய் மதியம் திரும்ப இறக்கிவிடும். அதை ஓட்டியவர் உன் மாமா. பின்னால் உர மூட்டைகளோடு உட்கார்ந்துபோன ஐந்து பெண்களில் ஒருத்தி உன் அம்மா. அண்ணன் ஓட்டும் வண்டி என்று அவளுக்கு ஒரு தைரியம். புருஷன் பழுது பார்க்கும் வண்டி என்று இன்னொரு தைரியம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்தால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும். கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்கும். மேலே வால்வுகள் திறந்து மூடும். வால்வு கீழே இறங்கும் நேரத்தில் பிஸ்டன் மேலே வந்துவிடக் கூடாது. வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அந்த நேரத்தை ஒழுங்காக வைத்திருப்பது உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். டைமிங் பெல்ட் என்போம். அகலம் மூன்று விரல்கூட இருக்காது. கார் டயர் மாதிரி அது தேய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூடிக்குள் இருக்கும். சத்தமும் போடாது. அதனால் கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்று என்று அர்த்தம். மாற்றிய பிறகு மெக்கானிக் அந்த விளக்கை அணைக்க வேண்டும். அணைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பெல்ட் மாற்றப்பட்டதா இல்லையா என்பது விளக்குக்குத் தெரியாது.

அந்த விளக்கு எரிந்த மறுவாரம் புதிய பெல்ட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் பட்டறைக்கு வந்து, மறுநாள் காலை வண்டி கட்டாயம் வேண்டும் என்றார். எல்லார் முன்னாலும் நான், "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன் சார்" என்றேன். ரேடியேட்டரைக் கழற்றினேன், காற்றாடியைக் கழற்றினேன். கிராங்க் புல்லியைப் பிடித்திருந்த பெரிய போல்ட் மட்டும் அசையவில்லை. அதைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் பெல்ட்டை மாற்ற முடியாது. ஸ்பேனர் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று மிதித்தும் பார்த்தேன். குழாய் வழுக்கி என் விரல் முட்டிகள் எல்லாம் தோல் உரிந்தன. சிரம்பானிலிருந்து காற்றழுத்தத் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் போய் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். மணி ஆறு ஆனது. நான் ரேடியேட்டரைத் திரும்ப மாட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். விளக்கை அணைத்தேன். வேலைச் சீட்டில் 'டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் சாப்பிட வந்தபோது அந்தப் போல்ட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருந்தேன். அதனால் சாயங்காலம் உன் அம்மா என் கையைப் பார்த்ததும் மஞ்சள் மருந்தும் பஞ்சும் எடுத்து வந்தாள். முட்டி முட்டியாகத் தொட்டு வைத்துக்கொண்டே, "என்னங்க, கடைசியில அந்தப் போல்ட்டு கழண்டுச்சா?" என்றாள்.

"கழண்டுச்சு," என்றேன்.

"அதானே. உங்க கையில கழலாததா?" என்றாள். அந்த வண்டியில் மறுநாள் ஏறி உட்காரப்போகிறவளிடம் நான் சொன்ன பதில் அது.

அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நீ நம்பவேண்டும் என்று எழுதவில்லை, அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு லாரியின் கியர்பெட்டி உடைந்தது. அதற்கடுத்த வாரம் பெருமழை. விளக்கு எரியாத வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவா என்று நான் எந்தக் காரணம் காட்டிக் கேட்பது? மாற்றிவிட்டேன் என்று எழுதிய பெல்ட்டை மறுபடி எப்படி மாற்றுவது? புது பெல்ட் ஸ்டோரின் மூலையில் டப்பாவோடு இருந்தது. முதலில் அந்த மூலைப் பக்கம் பார்க்காமலே சாமான் எடுத்து வருவேன். பிறகு அதன்மேல் வேறு சாமான்கள் வந்து மூடிக்கொண்டன. தினமும் காலையில் உன் மாமா பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக, "வண்டி ஓகேவா மாப்ள?" என்று கேட்பார். நானும் தினமும், "ஓகே லா மச்சான், போங்க" என்று கையை ஆட்டுவேன். மூன்று மாதம் அப்படிப் போனது.

அன்று மதியம் மழை தூறி நின்றிருந்தது. இருபத்திரண்டாம் நம்பர் காட்டிலிருந்து இறங்கும் செம்மண் சாலை எவ்வளவு செங்குத்து என்று உனக்கு நினைவிருக்காது. அந்த இறக்கத்தில் உன் மாமா எப்போதும் செகண்டு கியரில்தான் வருவார். சின்ன கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை. அன்றும் செகண்டில்தான் வந்தார். பாதி இறக்கத்தில் பெல்ட்டின் பற்கள் பிய்ந்தன. வால்வுகள் பிஸ்டனில் மோதி உடைந்து எஞ்சின் அப்படியே இறுகிவிட்டது. கியரில் இருந்ததால் பின்சக்கரங்களும் நின்றன. ஈரச் செம்மண்ணில் வண்டி பக்கவாட்டில் சறுக்க ஆரம்பித்தது. சக்கரத்தை விடுவிக்க அவர் கிளட்சை மிதித்துக் கியரை ஃப்ரீயில், அதாவது நியூட்ரலில், தள்ளினார். எந்த நல்ல டிரைவரும் அதைத்தான் செய்வான். சக்கரம் சுற்றியது, வண்டி நேரானது. ஆனால் இப்போது இழுத்துப் பிடிக்க எஞ்சின் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக் இரண்டு மிதியில் கல்லாகிவிடும், ஸ்டீரிங்கும் அசையாது. வளைவில் வண்டி திரும்பாமல் பள்ளத்துக்குள் போனது. மற்ற பெண்கள் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார்கள். ஒருத்திக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. மழையால் போடாமல் திரும்பக் கொண்டுவந்த உர மூட்டைகள் உன் அம்மா மேல் விழுந்தன.

கங்காணி மோட்டார் சைக்கிளில் வந்து சொல்லி, நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது உன் மாமா பள்ளத்துக்குள் நின்று, நெற்றியில் ரத்தம் வழிய, ஒற்றை ஆளாக மூட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மாவின் தலைமுடி முழுக்க உரம். நான் அதைத் தட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நீ அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. உன்னை அழைத்துவர உன் வகுப்பறை வாசலில் நான் போய் நின்றபோது, என் சட்டையில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, "என்னப்பா மாவு?" என்று கேட்டாய்.

மூன்றாம் நாள் வண்டியை இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் மூடியைக் கழற்றினேன். போல்ட்டை எடுக்காவிட்டாலும் மேல் மூடியைத் திறந்தால் தெரியும். பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பல்கூட இல்லை. கத்தரித்து வெளியே எடுத்தேன். மூடியைத் திரும்ப மாட்டினேன். கிழிந்த பெல்ட்டையும் ஸ்டோரில் இருந்த புது பெல்ட்டையும் ஒரே பையில் போட்டு, மறுநாள் லிங்கிப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தேன். உனக்காகத்தான், நானும் ஜெயிலுக்குப் போனால் உனக்கு யார் இருப்பார்கள் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தக் காரணம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. கத்தரிக்கோலை எடுத்தபோது உன் நினைவு எனக்கு வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அன்று பிற்பகல் மேனேஜரும் ஒரு போலீஸ் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி பிரேக் எண்ணெயைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கியரை ஆட்டிப் பார்த்தார். "எஞ்சின் எப்படி?" என்று மலாயில் என்னைக் கேட்டார். "எஞ்சின் ஓகே துவான். கியர்தான் ஃப்ரீயில் இருந்தது," என்றேன். கியர் ஃப்ரீயில் இருந்தது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்து மற்ற எல்லாவற்றையும் மூடினேன். டீசல் மிச்சப்படுத்த இறக்கத்தில் ஃப்ரீ கியரில் விட்டான், வண்டி கையை மீறிவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேச்சானது. நான் எழுதிய வேலைச் சீட்டை மேனேஜர் எடுத்துக் காட்டினார். பெல்ட்கூட மாற்றிய வண்டி என்றார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் உன் மாமா என்னிடம் வந்தார். தலையில் இருந்த கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. "மாப்ள, எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. சத்தியமா சொல்றேன். டமார்னு ஒரு சத்தம், அப்புறம்தான் வீல் லாக் ஆச்சு. நீ தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்த பார்வை அது. "அப்ப... என் கால்தான் தப்பு பண்ணிடுச்சா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோர்ட்டில் அவர் வாதாடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு மெக்கானிக், அதுவும் செத்தவளின் புருஷன், பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போனது. வெளியே வந்தபோது அவருக்குத் தோட்டத்தில் வீடு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. வெளியே வந்த வருடம் தீபாவளிக்கு உனக்குப் பாவாடை சட்டை வாங்கி வந்தார். உனக்குப் பதினொரு வயது. அவர் வாசலில் நிற்கும்போதே கத்தரிக்கோல் எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினாய். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, வந்த பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது செய்தது அதைவிட மோசம். போர்டிக்சன் பழைய சாலை இறக்கத்தில், "ஃப்ரீ கியர்ல விட்டா என்னப்பா ஆகும்?" என்று கேட்டாய். "உங்க மாமா கதைதான் ஆகும்," என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை, போலீஸ் பக்கத்தில் இல்லை. என் மகளுக்குப் பாடம் சொல்லித்தர அந்தப் பொய்யை நானே எடுத்துப் பயன்படுத்தினேன். இதை எழுதும்போது மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ பெயரை அடித்த பிறகு வந்த புதன்கிழமை, பஸ் ஏறிப் போர்டிக்சன் போனேன். கடற்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் அவர் காவலாளி. அறுபத்து மூன்று வயது. என்னைப் பார்த்ததும், "கவி நல்லா இருக்காளா?" என்றுதான் கேட்டார். காவல் கொட்டகையில் இருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு கார் வந்தது. அவர் எழுந்து போய், தடுப்புக் கம்பத்தைத் தூக்கி, நம்பரை நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "சொல்லு," என்றார். சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் செகண்டுலதான் வந்தேன்," என்றார்.

"ஆமா மச்சான்."

"பதினெட்டு வருஷமா படுத்தா அதத்தான் நெனைக்கிறேன். செகண்டுலதான போட்டேன், செகண்டுலதான போட்டேன்னு. என் கையவே நான் நம்பல." பிறகு கேட்டார். "எத்தன மாசம் அப்படி ஓடுச்சு?"

"மூணு."

"மூணு மாசம். தெனம் உன்னக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

நான் காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேணாம். உட்காரு," என்றார். குரல் உயரவில்லை. "கேளு மாப்ள. அவகிட்ட வாயால சொல்லாத. நீ பேசுனா அழுவ. நீ அழுதா அவளும் அழுவா. கடைசியில உன்னத்தான் கட்டிப் பிடிச்சுக்குவா. எழுதிக் குடு. ஒண்ணு விடாம எழுது." பிறகு கதவைப் பார்த்துக் கையைக் காட்டினார். "போ. இனிமே இங்க வராத." மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடுப்பு உடைந்த அந்த அம்மாவை லிங்கியில் போய்ப் பார்த்தேன். பாதி சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை போலீஸ் நிலையத்துக்கும் போனேன். சின்ன வயது அதிகாரி, பழைய கேஸ், தேடிப் பார்க்க வேண்டும், கூப்பிடும்போது வாருங்கள் என்று நம்பர் வாங்கிக்கொண்டான். கூப்பிட்டால் போவேன். அதனால் கல்யாணத்துக்கு முன்போ பின்போ நம் குடும்பத்துப் பேர் கெடலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரிய வேண்டுமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். தெரிவிப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம், ஆனால் என் எண்ணத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்றே ஒன்று. சுங்கை காடுட் தொழிற்சாலையில் நீ தினமும் சோதனைப் படிவங்களில் கையெழுத்துப் போடுகிறாய். முடியாத அன்று முடியவில்லை என்று சொல். திட்டுவார்கள், சிரிப்பார்கள், வேலைகூடப் போகலாம். போகட்டும். வீட்டிலும் அப்படித்தான். புருஷனிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு சின்ன விஷயத்தை மறைத்தால், மறுநாள் அந்த விஷயத்தோடு அதை மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். மூன்றாம் நாள் சொல்லவே முடியாது. நான் மேனேஜர் முன்னால் அரை மணி நேரம் வெட்கப்பட்டு நின்றிருந்தால் போதும், உனக்கு அம்மா இருந்திருப்பாள்.

உன் மாமாவுக்கு வேலை காலை ஏழு மணிக்கு முடியும். அவர் இருக்கும் அறையின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன்னைப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. போனால் தனியாகப் போ, என் சார்பில் எதுவும் சொல்லாதே. என்னை மணவறைப் பக்கம் வரவேண்டாம் என்று நீ சொன்னால் வரமாட்டேன், ஏன் என்று கேட்கிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்றும் சொல்லமாட்டேன்.

இன்று உனக்கு விடுமுறை. இந்தக் கடிதத்தை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கும் போகமாட்டேன். வெளியே வந்து என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு நீ கிளம்பினால் தடுக்கமாட்டேன். கேட் பூட்டைத் திறந்து வைத்துவிட்டேன்.

அப்பா